அழகான எழுத்து, அவதியான எழுத்து: அலங்கார எழுத்துருக்களை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் நாம் எல்லோரும் செய்யும் வேலை ஒன்று உண்டு. வேர்ட் புரோகிராமைத் திறந்து, நம் பெயரை டைப் செய்து, அதை ஒவ்வொரு எழுத்துருவாக மாற்றி மாற்றிப் பார்ப்போம். கொடி போல் வளைந்து நெளியும் எழுத்து ஒன்று கண்ணில் பட்டதும் "ஆகா, இதுதான்!" என்று நிறுத்திவிடுவோம். நானும் அப்படி நிறுத்தியவன்தான். அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர். இன்ஜினீயரிங் முடித்து, பெங்களூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் அக்காவின் திருமணம் ஊரிலேயே நடந்தது. "கம்ப்யூட்டர் படித்த பையன் வீட்டில் இருக்கும்போது பத்திரிகை டிசைனுக்கு எதற்கு வெளியில் பணம்?" என்றார் அப்பா. நானும் உற்சாகமாக உட்கார்ந்து, தமிழுக்கு ஒரு சுருள் எழுத்துரு, எண்களுக்கு ஒரு ஆங்கிலக் கையெழுத்து எழுத்துரு எனத் தேர்ந்தெடுத்து வடிவமைத்தேன். அச்சகத்தில் கொடுத்ததை அப்படியே அச்சிட்டுத் தந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

முகூர்த்தம் காலை 6.00 முதல் 7.30 வரை. நான் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் 6-ன் தலை சுருண்டு வந்து உடம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. 7-ன் முன்பக்கமும் அப்படியே வளைந்து மூடிக்கொண்டது. அரூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வரும் எங்கள் சின்னத் தாத்தாவுக்கு அது 8.00 முதல் 9.30 என்று தெரிந்திருக்கிறது. நிதானமாகப் பஸ் ஏறி, ஏழே முக்கால் மணிக்கு மண்டபத்தில் வந்து இறங்கினார். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மாவை வளர்த்தவர் அவர்.

"ஏங்கண்ணு, எட்டு மணின்னுதானே போட்டிருந்தீங்க?" என்று பத்திரிகையை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அது எட்டு போலத்தான் இருந்தது.

அச்சகத்தின் மீது தவறில்லை. கம்ப்யூட்டர் மீதும் தவறில்லை. எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதன் பிறகுதான் இந்த அலங்கார எழுத்துருக்கள் எப்படி வந்தன, எதற்காக உருவாக்கப்பட்டன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

எழுத்துருவில் இரண்டு சாதி

கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துருக்களைப் பயன்பாட்டை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, வாசிப்பதற்கான எழுத்துரு. புத்தகம், கடிதம், செய்தித்தாள் ஆகியவற்றில் பத்தி பத்தியாக வருவது. இதன் வேலை கண்ணை உறுத்தாமல் செய்தியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. மற்றொன்று, காட்சிக்கான எழுத்துரு. தலைப்பு, கடைப்பலகை, சுவரொட்டி, அழைப்பிதழின் மேல்வரி போன்ற இடங்களில் சில சொற்களுக்கு மட்டும் வருவது. இதன் வேலை நம்மை நிறுத்திப் பார்க்க வைப்பது. நாம் பேசும் அலங்காரக் கையெழுத்து எழுத்துருக்கள் இந்த இரண்டாவது வகை. இரண்டாவது வகையை முதல் வகையின் வேலைக்கு வைத்ததுதான் நான் செய்த தவறு.

ஆங்கிலத்தில் இவை எப்படி வந்தன?

ஐரோப்பாவில் அழகெழுத்து இரண்டு விதமான பேனாக்களில் இருந்து வளர்ந்தது. முதலாவது, பட்டையான முனை கொண்ட பேனா. அதைச் சாய்த்துப் பிடித்து எழுதும்போது ஒரு பக்கம் போகும் கோடு தடிமனாகவும், மறு பக்கம் போகும் கோடு மெல்லியதாகவும் விழும். மோனோடைப் கோர்சிவா, லூசிடா கேலிகிராபி ஆகியவை இந்த வகை எழுத்தை ஒட்டியவை.

இரண்டாவது, கூர்மையான, வளைந்து கொடுக்கும் முனை கொண்ட பேனா. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கிப் போகும்போது அழுத்தாமல் விட்டால் முடி போல் மெலியும். எட்வர்டியன் ஸ்கிரிப்ட் இந்த வகை. இவை தவிர, தூரிகையால் எழுதியது போன்ற பிரஷ் ஸ்கிரிப்ட் உண்டு. இதை ராபர்ட் ஸ்மித் என்பவர் 1942-ல் அமெரிக்காவில் வடிவமைத்தார். ஜெர்மனியைச் சேர்ந்த புகழ் பெற்ற அழகெழுத்துக் கலைஞர் ஹெர்மன் ஸாப் உருவாக்கிய ஸாபினோ 1998-ல் வெளிவந்தது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை வைத்து, அச்சு எழுத்தையும் கையால் எழுதியது போல் காட்டியது அதன் சிறப்பு.

மைக்ரோசாப்ட் ஆபீஸ் நிறுவிய பல கம்ப்யூட்டர்களில் மேலே சொன்னவற்றில் சில ஏற்கனவே இருக்கும். வேர்டில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து தேடிப் பாருங்கள்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த ஆங்கில எழுத்துருக்களில் சிறிய எழுத்துக்கள் ஒன்றோடு ஒன்று கை கோத்துப் போகும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். கேபிடல் எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை வருவதற்காகப் பெரிய சுருளோடு இருக்கும். எனவே முழுப் பெயரையும் கேபிடலிலேயே டைப் செய்தால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, என்ன பெயர் என்றே தெரியாது. எழுத்துக்களுக்கு இடையில் கூடுதல் இடைவெளி விட்டாலும் கோத்த கைகள் அறுந்துபோகும்.

தமிழில் வால் என்பது அலங்காரம் அல்ல

நம் தமிழ் எழுத்தின் கதை வேறு. பல நூற்றாண்டுகள் நாம் பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதினோம். எழுத்தாணி கீறும் கோடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கும். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விடுவதும் வழக்கமாக இருந்தது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி நம் எழுத்து உலோக அச்சுக்கு வந்தது. பிறகு கடைப்பலகை எழுதும் ஓவியர்களும், சினிமாத் தலைப்பு எழுதும் கலைஞர்களும் தூரிகையால் தமிழுக்குத் தடிமனும் மெல்லிசும் வளைவும் கொடுத்தார்கள். இன்று கம்ப்யூட்டரில் உள்ள பல தமிழ் அலங்கார எழுத்துருக்கள் இந்தத் தூரிகை எழுத்தின் வாரிசுகள்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தின் வாலை நீட்டிச் சுழித்தால் பெரும்பாலும் அது அதே எழுத்தாகத்தான் இருக்கும். தமிழில் அப்படி இல்லை. நம் எழுத்தில் சுழி என்பதே பொருள்.

'கி' என்பதன் கொக்கியின் நுனியில் ஒரு சுழி போட்டால் அது 'கீ'. 'கெ'யின் கொம்பில் மேலே ஒரு சுழி சேர்த்தால் அது 'கே'. 'கொடி' என்பதற்கும் 'கோடி' என்பதற்கும், 'பெட்டி' என்பதற்கும் 'பேட்டி' என்பதற்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு சுழிதான். இந்தக் குறில், நெடில் வேறுபாட்டை எழுத்தில் தெளிவாகக் காட்டும் சீர்திருத்தத்தைச் செய்தவர் 18-ம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பார்கள். அவர் பாடுபட்டுப் பிரித்ததை ஒரு சுருள் எழுத்துரு ஒரே நொடியில் மறுபடி சேர்த்துவிடும்!

ஆகவே ஒரு தமிழ் அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் கீழே உள்ள இணைகளை டைப் செய்து பாருங்கள்.

கி - கீ, கெ - கே, கொ - கோ, ன - ள, ண - ன, மு - ழு, எ - ஏ, ர - கால் குறி (ா), க - க் (புள்ளி தனியாகத் தெரிகிறதா?)

பிறகு 0 முதல் 9 வரை எண்கள். குறிப்பாக 1 - 7, 6 - 8, 4 - 9, 3 - 8.

இதில் ஏதாவது ஒரு இணை இரட்டைப் பிள்ளைகள் போல் தெரிந்தால், அந்த எழுத்துருவைப் பெயர் எழுத வைத்துக்கொள்ளலாம். நேரம் எழுத வேண்டாம்.

பழைய எழுத்துருத் தொகுப்புகளில் இன்னொன்றையும் கவனிக்கவும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் ணை, லை, னை போன்றவை யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை தனி வடிவத்தோடும் எழுதப்பட்டன. சில அலங்கார எழுத்துருக்களில் அந்தப் பழைய வடிவங்கள் இருக்கும். பார்க்க அழகு. ஆனால் இன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்கு அவை பழக்கமில்லை.

எழுத்து ஏன் குழம்பிப் போகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "வீட்டில் சரியாகத் தெரிந்த தமிழ், அச்சகத்தில் திறந்தால் கோழி கிளறியது போல் ஆகிறதே, ஏன்?"

முன்பு தமிழ் எழுத்துருக்கள் ஒரு குறுக்கு வழியில் வேலை செய்தன. அவற்றில் மொத்தம் 256 இடங்கள்தான் உண்டு. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய அந்த இடங்களில் தமிழ் எழுத்தின் படங்களை வைத்துவிடுவார்கள். எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி நடந்துகொண்டது. எனவே ஒரு எழுத்துருவில் டைப் செய்ததை இன்னொரு எழுத்துருவுக்கு மாற்றினால் எல்லாம் இடம் மாறிவிடும். இதை ஒழுங்குபடுத்த 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது.

இன்று உலகம் முழுவதும் பயன்படுவது யூனிகோட். இதில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு. எழுத்துருவை மாற்றினாலும் 'க' எப்போதும் 'க'தான். ஆனால் யூனிகோடில் 'கெ' என்பது 'க' முதலில், கொம்பு பிறகு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது புரோகிராமின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய புரோகிராமில் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். அழைப்பிதழிலோ பேனரிலோ கொம்பு இடம் மாறி நிற்பதைப் பார்த்தால், காரணம் இதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. இன்னும் அதையே நம்பி இருக்கும் அச்சகங்களில் உங்கள் யூனிகோட் தமிழைப் பழைய குறியீட்டுக்கு மாற்றுவார்கள், அல்லது மறுபடி டைப் செய்வார்கள். இரண்டிலும் பிழை நுழையலாம். எனவே பிழைதிருத்தத்தை மறுபடி முதலில் இருந்து பார்ப்பது அவசியம்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு வரும். தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து எட்வர்டியன் ஸ்கிரிப்ட் கொடுத்தால் எழுத்து மாறுவதே இல்லையே? அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துக்களே கிடையாது. அதனால் விண்டோஸ் தன்னிடம் உள்ள நிர்மலா யுஐ, லதா போன்ற ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து இட்டு நிரப்புகிறது. கோளாறு எதுவும் இல்லை.

இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள்

கூகுள் பாண்ட்ஸ் தளத்தில் யூனிகோட் தமிழ் எழுத்துருக்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வருவதால் அச்சு வேலைக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தத் தடையில்லை.

கவிவனார்: சாய்ந்த கையெழுத்து வடிவம். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. அழைப்பிதழ்த் தலைப்புக்கும் பெயர்களுக்கும் பொருந்தும்.

அரிமா: வளைவான, மென்மையான முனைகள் கொண்டது. வாழ்த்து அட்டைகளுக்கு நன்றாக இருக்கும்.

பலூ தம்பி: உருண்டு திரண்ட தடித்த எழுத்து. பிறந்த நாள், கடைப்பெயர், பேனர் ஆகியவற்றுக்கு ஏற்றது.

முக்த மலர், கட்டமரான்: அலங்காரம் இல்லாத தெளிவான எழுத்துக்கள். தேதி, நேரம், முகவரிக்கு இவற்றில் ஒன்று போதும். (கட்டமரான் என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'கட்டுமரம்'தான் என்பது கூடுதல் செய்தி.)

நிறுவுவது எப்படி?

1. தேவையான எழுத்துருவை டவுன்லோடு செய்யுங்கள். அது ஜிப் பைலாக வரும். மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து விரித்துக்கொள்ளவும்.

2. உள்ளே டிடிஎப் என்று முடியும் பைலை டபுள் கிளிக் செய்யுங்கள். எழுத்தின் மாதிரி திரையில் தெரியும். மேலே உள்ள இன்ஸ்டால் பட்டனை அழுத்தவும்.

3. வேர்ட் திறந்திருந்தால் மூடிவிட்டு மறுபடி திறக்கவும். பட்டியலில் புதிய பெயர் வந்திருக்கும்.

4. தேர்வு செய்தும் தமிழ் மாறவில்லை என்றால், கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்துங்கள். வரும் கட்டத்தில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பகுதி இருந்தால், அங்கும் அதே எழுத்துருவைக் கொடுக்கவும்.

தமிழில் டைப் செய்யத் தனி புரோகிராம் தேவையில்லை. இன்றைய விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் எழுத்துருக்களை ஏற்றாதீர்கள். பட்டியல் அனுமார் வால் போல நீளுமே தவிர, வேலைக்கு ஆவது நான்கைந்துதான்.

வடிவமைக்கும்போது நினைவில் வைக்க வேண்டியவை

அலங்கார எழுத்துரு ஒன்று, தெளிவான எழுத்துரு ஒன்று. ஒரு பக்கத்தில் இந்த இரண்டுக்கு மேல் வேண்டாம். 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பும் மணமக்கள் பெயரும் அலங்காரத்தில் இருக்கட்டும். தேதி, கிழமை, நேரம், மண்டபம், ஊர், செல்போன் எண் அனைத்தும் தெளிவான எழுத்தில் வரட்டும்.

நேரத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். செக்கில் தொகையை இரண்டு முறை எழுதுகிறோம் அல்லவா, அதே காரணம்தான். "காலை 6.00 (ஆறு) மணி" என்று போட்டிருந்தால் எங்கள் தாத்தா தாலி கட்டுவதைப் பார்த்திருப்பார்.

எழுத்தை இழுத்து நீட்டாதீர்கள். இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் நசுக்கினால் சுழிகள் மூடிக்கொள்ளும். எழுத்தின் அளவைக் குறையுங்கள், அல்லது வரியைப் பிரியுங்கள். மெல்லிய கோடு உள்ள எழுத்தைச் சிவப்புக் காகிதத்தில் தங்க நிறத்தில் அச்சிட்டால் அந்தக் கோடுகள் காணாமல் போகும் வாய்ப்பு உண்டு.

பிளெக்ஸ் பேனர் என்றால் தூரத்தைக் கணக்கில் எடுங்கள். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது விளம்பரப் பலகைத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐம்பது அடி தள்ளி ரோட்டில் போகிறவர் படிக்க வேண்டுமானால் எழுத்து ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். பஸ்ஸில் போகிறவருக்குச் சுருளை ரசிக்க நேரமில்லை.

திரையை நம்பாதீர்கள். கம்ப்யூட்டரில் நாம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்ப்போம். அதனால் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஒரு பிரதியை உண்மையான அளவில் பிரின்ட் எடுத்து, வீட்டில் வயதானவர் ஒருவரிடம் கொடுங்கள். "இது என்ன நேரம்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் கண்ணாடியைத் தேடினாலே எழுத்துரு தோற்றுவிட்டது என்று பொருள்.

அச்சகத்துக்குப் பிடிஎப் பைலாகக் கொடுங்கள். வேர்டில் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று பிடிஎப் உருவாக்கினால், எழுத்துருவும் பொதுவாக அதற்குள்ளேயே சேர்ந்துவிடும். கோரல்டிராவில் வேலை செய்பவர்கள் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் விசையுடன் க்யூ விசையை அழுத்தினால் எழுத்து வெறும் கோட்டு வடிவமாக மாறும். பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் குழம்பாது. ஆனால் அதன் பின் எழுத்தைத் திருத்த முடியாது. எனவே திருத்தக்கூடிய ஒரு நகலைத் தனியாகச் சேமித்துவிட்டுச் செய்யவும்.

பிறகு என்ன ஆயிற்று?

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து, காதுகுத்து வந்தது. இந்த முறையும் பத்திரிகை என் பொறுப்பு. அப்பா சொல்லவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். குழந்தையின் பெயரைக் கவிவனாரிலும், மற்றதையெல்லாம் முக்த மலரிலும் போட்டேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அரூர் பஸ் ஏறினேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடி போடாமல், முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தார். பெயர் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, விரலால் தடவிப் பார்த்து, "இது நல்லாருக்கு கண்ணு" என்றார்.

விழா அன்று காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். ஆறரைக்கே வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் வீட்டிலும் அடுத்த விசேஷத்துக்கு அழைப்பிதழ் தயாரிக்கும்போது அலங்கார எழுத்துருவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எந்த வரிக்கு என்று மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.